நான்கு மெஷினுக்கும் சிவப்பு ஸ்டிக்கர்

எனக்கு இயந்திரங்கள் மேல் பிறவிச் சந்தேகம் உண்டு. என் மேல் மட்டும் துளிக்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட ஆசாமி கிளினிக்கல் இன்ஜினியரிங் படிக்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்பது திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நன்றாகத் தெரியும்.

பயோமெடிக்கல் பி.இ. முடித்த கையோடு அந்த மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கருவிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளும் படிப்பு. பாதி வகுப்பு கல்லூரியில், பாதி ஆஸ்பத்திரியில். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். ஆஸ்பத்திரிக் கருவிப் பிரிவின் தலைவி சரோஜா மேடம் செய்முறைத் தேர்வு வைத்து, சரி என்று சொன்னால் சீட். (அம்மா அதற்குள் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி, சர்க்கரைப் பொங்கலும் கொடுத்து முடித்திருந்தாள். அதைத் திரும்ப வாங்க முடியாது.)

தேர்வன்று தைரியத்துக்காக இரண்டு டம்ளர் காபி குடித்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் நகரவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி தில்லைநகர் ஆஸ்பத்திரி வரை ஓடினேன். லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நின்றது. மாடிப்படி ஏறி, நாக்குத் தள்ளப் போய்ச் சேர்ந்தேன்.

மேஜையில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின்கள் நான்கு. "இதுல தப்பா காட்டுறது எதுன்னு பார்த்து சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்க தம்பி. அரை மணியில வரேன்" என்று மேடம் போய்விட்டார்.

பக்கத்தில் ஒரு சிறு பெட்டியும் இருந்தது. நோயாளியின் கையைப் போல நடித்து, நாம் கேட்ட அழுத்தத்தை அப்படியே கொடுக்கும் சோதனைக் கருவி. புத்தகத்தில் படம் வரைந்து பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எங்கே 'ஆன்' செய்வது என்பது மட்டும் படத்தில் இல்லை. எதற்கு வம்பு? கைவசம் என் கையே இருந்தது. பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினேன்.

நூற்று எழுபது.

இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு நூற்று எழுபதா? மெஷின் அவுட். ஒட்டினேன் ஸ்டிக்கரை. இரண்டாவது, நூற்று எழுபத்தைந்து. அதுவும் அவுட். மூன்றாவது இன்னும் மேலே போனது. எனக்குப் புல்லரித்தது. இத்தனை பழுதை இத்தனை நாள் எவனும் கண்டுபிடிக்கவில்லையே! அந்தப் பெருமையோடு நான்காவதில் கை வைத்தால் அது எப்படிக் குறையும்?

அப்போது ஸ்டெல்லா சிஸ்டர் வார்டுக்கு ஒரு மெஷின் எடுக்க வந்தார்.

"தொடாதீங்க சிஸ்டர்! உயிர் விஷயம். என் கையிலயே பார்த்துட்டேன், நாலும் போச்சு."

"காலைல நல்லாத்தானே இருந்துச்சு?" என்று தன் கையில் மாட்டினார். நூற்றுப் பதினெட்டு.

"தற்செயலா வந்திருக்கும்" என்றேன்.

இன்னொன்றை மாட்டினார். அதே அளவு. திரும்பி வந்த மேடமும் தன் கையில் மாட்டிப் பார்த்தார். அங்கேயும் ஒரு குறை இல்லை. இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"தம்பி, தலை சுத்துதா?"

"இல்லீங்க மேடம்."

"சுத்தும். உட்காருங்க."

உட்கார்ந்த பிறகுதான் அது சக்கர நாற்காலி என்று கவனித்தேன். இன்ஜினியராகப் போனவனைக் கேஷுவால்ட்டியில் படுக்க வைத்தார்கள். மேடம் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்து என் சட்டைப்பையில் ஒட்டினார். தகவல் தெரிந்து ஓடிவந்த அம்மா முதலில் கேட்டது, "சீட்டு என்னடா ஆச்சு?"

ஒரு மணி நேரத்தில் அழுத்தம் இறங்கிவிட்டது. மேடம் கட்டிலருகே வந்தார்.

"நாலு மெஷினும் ஒரே மாதிரி தப்பா காட்டுமா?"

"காட்டாதுங்க. தப்பு என்கிட்டதான்."

"இதை மத்த பசங்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆகும். உங்களுக்கு இனிமே மறக்காது. சீட்டு தரேன். ஆனா முதல் மாசம் எதையும் தொடாம, கையைக் கட்டிட்டு வேடிக்கை மட்டும் பாருங்க."

அம்மா அங்கேயே ரங்கநாதரைக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன், படுத்தபடியே.

படித்து முடித்து, இன்று அதே வேலையில்தான் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் என் பேச்சுக்கு மரியாதை உண்டு. வீட்டில் கிடையாது. போன வாரம் கிரைண்டர் சுற்றவில்லை. மோட்டார் எரிந்துவிட்டது என்று சொன்னேன். என் மனைவி கிரைண்டர் பக்கமே திரும்பாமல், "அத்தை, முதல்ல இவருக்கு பிரஷர் பாருங்க" என்று குரல் கொடுத்தாள். என் கையில் பட்டை ஏறியது. அளவு கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான், உப்பில்லாத மோர்சாதம் போட்டு என்னைப் படுக்க வைத்துவிட்டு, கிரைண்டருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்தார்கள்.

மோட்டார் உண்மையாகவே எரிந்துதான் போயிருந்தது.