நெலிதாவின் தொடர் அறுந்த வரலாறு

உலகில் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவை இரண்டே இரண்டுதான். ஒன்று சூரியன். மற்றொன்று எங்கள் துராஸ்னோ ஊரின் தினசரி ஃபிராக்டல் சங்கம். சூரியனாவது மழை நாளில் முகத்தைக் காட்டாமல் ஏமாற்றும். எங்கள் சங்கம் ஏமாற்றியதில்லை. யீ நதி ஊருக்குள் வந்துவிட்ட அந்த வாரத்திலும் ஏமாற்றவில்லை. அதைப் பதிவு செய்யவே, ஓய்வுபெற்ற தபால் அலுவலரும் சங்கத்தின் செயலாளருமான வால்டெமார் எச்செகோயென் ஆகிய நான் பேனாவை எடுக்கிறேன்.

ஃபிராக்டல் கலை மிகவும் எளிது. ஒரு சூத்திரத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் ஒரு சுருள் போடும். சுருளுக்குள் அதே மாதிரி ஒரு சுருள். அதற்குள் இன்னொரு குட்டிச் சுருள். எவ்வளவு உள்ளே போனாலும் போய்க்கொண்டே இருக்கலாம், ஒன்றும் கிடைக்காது. சங்கத்தின் நிர்வாகமும் இதே உயர்ந்த கொள்கைப்படி அமைந்தது. நிர்வாகக் குழு, அதற்குள் துணைக்குழு, அதற்குள் உபதுணைக்குழு. கடைசிக் குழுவில் நான் ஒருவன்தான். அங்கேயும் போதிய உறுப்பினர் வராமல் இரண்டு கூட்டங்கள் தள்ளிப்போயிருக்கின்றன.

ஒவ்வொரு உறுப்பினரும் காலையில் மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே ஒரு படம் உருவாக்கி, தலைப்பு வைத்து, ஃபோன் குழுவில் போட வேண்டும். மற்றவர்கள் கைதட்டல் சின்னம் போட வேண்டும். ஒருநாள் தவறினால் "தொடர்" அறுந்தது என்று பொருள். முன்னூற்றுப் பத்து பேரில் ஆயிரம் நாளை எட்டவிருந்த முதல் ஆள் நெலிதா பெந்தாங்கோர். தையல்காரி, நதியோரக் கீழ்த்தெருவில் வீடு. அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆயிரமாவது நாள்.

ஆரம்பத்தில் குழுவில் கண்டதையும் பேசினார்கள். கால்பந்துச் சண்டை, காணாமல் போன நாய், அத்தையின் மூட்டுவலி. கலை மூச்சுத் திணறியது. அதனால்தான் நான் ஏழாம் விதியை எழுதினேன்: படமில்லாத பேச்சு கூடாது. அதைக் காக்க ஓர் எந்திரக் காவலரையும் நியமித்தேன். படமில்லாமல் யார் என்ன எழுதினாலும் இரண்டே நொடியில் துடைத்துவிடுவார். லஞ்சம் வாங்காத ஒரே அதிகாரி அவர்.

ஆறு நாள் விடாத மழை. மழை பெய்தால் மாவைத் தட்டி எண்ணெயில் போட்டு தோர்த்தா ஃப்ரீத்தா சுடாத வீடு எங்கள் நாட்டில் கிடையாது. திங்கட்கிழமை காலை நான் மூன்றாவதைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"தோன் வால்டெமார்! நெலிதா பேசுறேன். வாசப்படிக்குத் தண்ணி வந்துருச்சு!"

"வணக்கம் நெலிதாம்மா. இன்னிக்குப் படம் இன்னும் வரலியே?"

"படமா? கரண்டே இல்ல! எங்க வீட்டுக்காரரு ஒலிவியோ காலு மாவுக்கட்டுல கெடக்கு. மனுசன மாடிக்கு ஏத்துறதுக்குள்ள என் உசுரு போயிருச்சு. அவசர உதவிக்கு ஃபோன் போட்டேன். படகெல்லாம் அக்கரையில கூரை மேல நிக்கிறவங்களுக்குப் போயிருக்காம், வரிசைப்படி வருவாங்களாம். நம்ம நோட்டரி ஐயாகிட்ட மோட்டார் படகு சும்மாதான நிக்குது? கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்க."

எங்கள் ஊரில் 'தோன்' என்றாலும் ஐயா என்றுதான் பொருள்; நோட்டரி ஐயா என்பவர் எங்கள் தலைவர் ஆதெமார் சில்வெய்ரா. மேட்டுத்தெருவாசி.

"சொல்றதுக்கு எனக்கு ஆசைதாம்மா. ஆனா தலைவருக்குக் கோரிக்கை எல்லாம் குழு வழியாத்தான் போகணும்."

"சரி, குழுவுலயே எழுதுறேன்."

எழுதினாள். காவலர் துடைத்தார். மறுபடி எழுதினாள். மறுபடி துடைத்தார். மறுபடி ஃபோன்.

"என்னய்யா இது, எழுத எழுத காணாமப் போகுது?"

"படம் இல்லாமப் போடுறீங்களேம்மா. விதி ஏழு."

"நான் தண்ணி வருதுங்கிறேன், நீங்க விதிங்கிறீங்க!"

"ஒரு சின்னப் படத்தப் போட்டு, விஷயத்தத் தலைப்பா வச்சிருங்களேன். தலைப்புக்கு நீளக் கட்டுப்பாடு கிடையாது. நம்ம விதியெல்லாம் ரொம்பத் தாராளம்."

ஃபோனிலேயே ஒரு படம் செய்தாள். அதற்குப் பத்து நிமிடமும் எட்டு சதவீதம் சார்ஜும் ஆயிற்று என்று பிற்பாடு குறைபட்டாள். கலைக்காக இதைக்கூடச் செய்யக்கூடாதா? நீல நிறச் சுருள். தலைப்பு: "வாசற்படி வரை தண்ணீர், படகு வேண்டும்."

குழு சிலிர்த்துப்போனது. "என்ன ஆழம்!" என்றார் ஒருவர். "படகு என்பது ஆன்மாதானே?" என்றார் இன்னொருவர். பல் மருத்துவர் மிர்த்தா மட்டும் இடப்பக்க நீலம் சற்றுக் கூடுதல் என்று கருதினார்.

உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒன்பதாம் விதியைப் படித்தவர்கள் கேட்க மாட்டார்கள்: படைப்பின் பொருளைச் செயலாளர் விளக்கலாகாது. அதையும் எழுதியவன் நானே.

செவ்வாய்க்கிழமை நெலிதா மறுபடி கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"சமையக்கட்டு முழுகிருச்சு. அடுப்பு மெதக்குது, தோன் வால்டெமார்."

"பதட்டப்படாதீங்க. ஃபோன்ல சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"இருவத்தாறு."

"அப்ப இப்படிப் பேசிப் பேசித் தீத்துராதீங்கம்மா. நாளைக்குப் படம் போடணும்ல? ஆயிரத்துக்கு இன்னும் மூணே நாள்."

அவள் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற இயலாது. ஆனால் படம் வந்தது. தலைப்பு: "நோட்டரி ஐயா, சமையலறையில் தண்ணீர், உங்கள் படகை அனுப்புங்கள்." தலைவர் நெகிழ்ந்துவிட்டார். ஒரு படைப்பின் தலைப்பில் அவர் பெயர் இடம்பெறுவது அதுவே முதல்முறை. ஒரு ரோஜாப் பூச் சின்னம் அனுப்பினார்.

புதன் காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின் வந்தது அவளுடைய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாவது படம். மங்கலாகத்தான் இருந்தது. தலைப்பு: "மாடிப்படியில் ஏழாவது படி. ஒலிவியோவால் நடக்க முடியாது. யாராவது வாங்க." ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கைதட்டல். சங்க வரலாற்றில் அப்படியொரு வரவேற்பு எவருக்கும் கிடைத்ததில்லை. அதோடு அவள் ஃபோன் அணைந்துவிட்டது.

இதற்கிடையே ஓர் உண்மையான அவசரம் ஏற்பட்டது. ஆயிரம் நாள் கண்காட்சிக்காகச் சட்டம் போட்டு வைத்திருந்த நாற்பது படங்கள் கீழ்த்தெருக் கூடத்தில் மாட்டியிருந்தன. தண்ணீர் கீழ்வரிசைச் சட்டங்களை நெருங்குவதாகத் தகவல் வந்தது. ஐந்தே நிமிடத்தில் தலைவர் படகை இறக்கிவிட்டார். ஒரு துணைக்குழுகூடக் கூடவில்லை. அவ்வளவு வேகமான நிர்வாகத்தை நான் தபால் துறையில் முப்பத்தோரு வருடம் பார்த்ததில்லை.

தலைவர், மிர்த்தா, நான் மூவரும் போய் நாற்பதையும் ஏற்றினோம். திரும்பும் வழியில் நெலிதாவின் வீடு. வீடு என்றால் மேல்பாதி. மாடி ஜன்னலில் நின்று அவள் துண்டை ஆட்டினாள்.

"நோட்டரி ஐயா! இங்க! இங்க!"

தலைவர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். "நெலிதா! இன்னிக்குச் சுருள் பிரமாதம் போ!"

"சுருளு நாசமாப் போகட்டும்! இந்த மனுசனத் தூக்கிப் படகுல போடுங்க!"

உள்ளேயிருந்து ஒலிவியோவின் குரல் கேட்டது. "யோவ் நோட்டரி! காது செவிடாய்யா?"

மிர்த்தா மடியில் ஆறு சட்டங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். "எடம் எங்கம்மா இருக்கு? நாப்பது படம்! எல்லாம் கண்ணாடி வேற!"

"படத்த மாடியில எறக்கி வைங்க, நாங்க ஏறிக்கிறோம்!"

படகு ஒரு கணம் தயங்கியது. தலைவர் என்னைப் பார்த்தார். பொதுவாழ்வில் இப்படிப்பட்ட கணங்களில்தான் ஒரு செயலாளரின் அனுபவம் பேசும்.

"ஈரத்துல வச்சா பூஞ்சை பிடிச்சிரும்" என்றேன்.

"திரும்பி வர்றோம் நெலிதா!" என்று தலைவர் உறுதியளித்தார். அவர் சொன்ன சொல் தவறுபவர் அல்ல. எப்போது என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். மேட்டுத்தெருவில் இறக்கி, ஒவ்வொரு படத்தையும் மெல்லிய துணியால் துடைத்து, போர்வையில் சுற்றி அடுக்கினோம். மிர்த்தா சுடச்சுட தோர்த்தா ஃப்ரீத்தா போட்டார். மழை வலுத்தது. படகுக்கும் ஓய்வு தேவைப்பட்டது.

அன்று பிற்பகல், ஆற்றில் மணல் அள்ளும் கார்பாஹால் என்பவர், மூன்று கோழிகளையும் ஓர் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு தன் தட்டைப் படகில் அந்த வழியாக வந்திருக்கிறார். நெலிதா கத்தியது காதில் விழுந்ததாம். ஒலிவியோவை முதுகில் தூக்கி இறக்கினாராம். அப்போது தண்ணீர் பதினோராவது படியில் இருந்தது. மொத்தமே பதின்மூன்று படி. இந்த மீட்பு எந்த விதியின் கீழ் நடந்தது என்பது இன்றுவரை தெரியவில்லை.

வியாழனன்று நெலிதாவின் படம் வரவில்லை. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாவது நாளில் தொடர் அறுந்தது! நான் சோறு தண்ணி இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். மாலையில் அவசரக் கூட்டம்.

"வெள்ளத்த ஒரு விதிவிலக்கா எடுத்துக்கலாமா?" என்று நான்தான் பரிந்து பேசினேன்.

மிர்த்தா மேசையைத் தட்டினார். "எனக்கு மூணாவது புள்ள பொறந்த அன்னிக்கு வலிக்கு நடுவுல படம் போட்டவ நான். இவங்களுக்கு மட்டும் என்ன சலுகை? வெள்ளமாம் வெள்ளம்!"

தலைவர் பெருமூச்சு விட்டார். "இன்னிக்கு வெள்ளத்துக்குக் குடுத்தா நாளைக்கு நெலநடுக்கத்துக்குக் கேப்பாங்க."

"நம்ம ஊர்ல ஏதுங்க நெலநடுக்கம்?"

"வந்துச்சுன்னா? அப்ப என்ன பண்ணுவீங்க?"

மூன்று மணி நேர விவாதத்துக்குப் பிறகு, நெலிதாவின் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது என்றும், அவளுக்கு "ஆழ்ந்த அனுதாபக் கடிதம்" ஒன்று கெட்டித் தாளில் வழங்குவது என்றும் ஒருமனதாக முடிவாயிற்று. கடிதத்தை நானே எழுதினேன். "தங்களுக்கு நேர்ந்த ஈடுசெய்ய இயலாத இழப்பில், அதாவது தொடர் இழப்பில், சங்கம் பங்கு கொள்கிறது" என்ற வரியை மட்டும் உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கடிதத்தோடு போனேன். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் அறுபது பேர் தங்கியிருந்தார்கள். ஒலிவியோ ஒரு மெத்தையில் காலை நீட்டிப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நெலிதா யாருடையதோ பெரிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அத்தனை பேருக்கும் தோர்த்தா ஃப்ரீத்தா சுட்டுக்கொண்டிருந்தாள். மாவு தட்டித் தந்துகொண்டிருந்த கறுத்த மனிதர்தான் கார்பாஹால் என்று பிறகு புரிந்தது.

"என்ன கொண்டாந்திருக்கீங்க, தோன் வால்டெமார்? மாத்துத் துணியா?"

"கடிதம்மா. சங்கத்தோட அனுதாபம்."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு அதைத் தட்டில் விரித்து, சட்டியிலிருந்து நாலு தோர்த்தாவை எடுத்து அதன் மேல் போட்டாள்.

"தாளு நல்ல தாளுதான். எண்ணெய நல்லா உறிஞ்சுது" என்றாள்.

கார்பாஹால் மாவுக் கையோடு நிமிர்ந்தார். "யாரு நெலிதா இந்தாளு? ஒறவா?"

"இவரா?" அவள் அடுத்த தோர்த்தாவைச் சட்டியில் இறக்கினாள். "நாங்க முங்கிக்கிட்டு இருக்கும்போது எரநூத்திப் பன்னெண்டு பேரு கைதட்டுனாங்கன்னு சொன்னேன்ல கார்பாஹால்? அதுல மொதத் தட்டு இவரோடது."

கார்பாஹால் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. கூட்டக் குறிப்புகளில் ஒரு தவறான தகவலைக்கூடத் திருத்தாமல் விட்டவன் இல்லை நான். உடனே ஃபோனை எடுத்துப் பதிவைச் சரிபார்த்தேன். அவள் சொன்னதில் பிழையில்லை. புதன்கிழமை, காலை ஏழு பதினொன்று. முதல் கைதட்டல்: வால்டெமார் எச்செகோயென், செயலாளர்.