இரண்டு பெருசுகள் பற்றிய விளக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வீட்டுக்காரியும் சௌக்கியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமா என்று கேட்கும் யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. இருந்தாலும் கடிதம் என்றால் கேட்டுத்தான் ஆகவேண்டும். பதினொரு நாளாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானாக இருந்தால் நம்பரையே அழித்திருப்பேன்.

நான் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன், பத்தாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன், அதை இருபதாம் வகுப்பு என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. என் மகளோ உங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ஊரார் எடுத்த வீடியோவையெல்லாம் வெட்டி ஒட்டுகிறவள். அதற்கு லேப்டாப்போடு இரண்டு பெரிய திரையை வெளியே மாட்டிக்கொள்ள வேண்டுமாம். பழைய லேப்டாப்பில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது, புதுசு வாங்கணும், என் கடைக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை இருப்பதால் நான் விசாரிக்கணும் என்று போனில் சொல்லியிருக்கிறாள். நான் அப்போது ஒரு மெஷினுக்கு எண்ணெய் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். உம், உம் என்றேன். என்னத்துக்கு உம் போட்டேன் என்பது மெஷினுக்குத்தான் தெரியும். நாலு நாள் கழித்து அவளிடமிருந்து மெசேஜ் வருகிறது:

“அப்பா, சேர்ந்தே இருக்கறது சரிப்பட்டு வரல. எல்லாத்தையும் பங்கு போட்டுக்குது, சட்டுனு சூடாயிடுது. ரெண்டு பெருசையும் ஒரே நேரத்துல சமாளிக்க முடியல. தனியா இருக்கற மாதிரி ஒண்ணு விசாரிச்சுச் சொல்லுங்க.”

நீங்களே சொல்லுங்கள், இதில் லேப்டாப் என்கிற வார்த்தை எங்கே இருக்கிறது? என் வீட்டுக்காரியும் கண்ணாடி போட்டுத் தேடிவிட்டு, பொண்ணு வாயைத் திறந்து கேட்டுட்டா, போய்ப் பேசிட்டு வாங்க என்று குடையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். மகள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து வந்து உட்கார்ந்து, சின்னஞ்சிறுசுகளைத் தனிக்குடித்தனம் வைப்பதில் உள்ள நன்மைகளைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினேன். நடுவில் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். நானாகச் சொல்லலைங்க, பாருங்க என்று மெசேஜையும் நீட்டினேன். முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர், நீங்கள் அதை இரண்டு தடவை படித்தீர்கள். பிறகு சம்பந்தியம்மாவைப் பார்த்து, “ரெண்டு பெருசுன்னா நம்மளத்தான்” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டீர்கள்.

சாயந்திரம் மகள் போன் பண்ணினாள். பெருசு என்றால் திரையாம். அதற்குமேல் அவள் என்னைப் பற்றிச் சொன்னதை எழுதினால் இந்தத் தாள் போதாது.

மறுநாளே எதிர்க்கடைக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண் பொறுமைசாலி. லேப்டாப்பில் படம் காட்டுகிற கார்டு இரண்டு வகையாம். ஒன்று உள்ளேயே சேர்ந்து இருப்பது; அதற்கென்று சொந்த மெமரி கிடையாது, லேப்டாப்பின் மெமரியில் பங்கு கேட்டுத்தான் பிழைக்கும். கடிதம் எழுத, கணக்குப் போட, ஒரு படம் பார்க்க அது தாராளம். இன்னொன்று தனிக் கார்டு. தன் மெமரி, தன் விசிறி, யாரிடமும் கைநீட்டாது. முன்னது கூட்டுக் குடும்பம், பின்னது தனிக்குடித்தனம், அப்படித்தானேம்மா என்றேன். அந்தப் பெண், கிட்டத்தட்ட அப்படித்தான் சார், ஆனா சூட்டுக்கு யாரும் வீட்டை மாத்த மாட்டாங்க என்றாள். இரண்டு திரைக்கும் ஒயர் செருகத் தனித்தனி வாய் இருக்கிறதா என்று பார்த்து, கடையிலேயே இரண்டு திரையில் படம் ஓட்டிக் காட்டச் சொல்லி, தனிக் கார்டு உள்ளதாக ஒன்றை மகளுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

ஆகவே சம்பந்தி அவர்களே, குற்றம் முழுக்க என்னுடையது. பெருசு என்றால் திரைதான் என்று அவள் சொல்லியும் நம்பாமல், நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்த் தனியாகச் சாப்பிடுகிறீர்களாம். ஏன் மாமா என்று அவள் கேட்டால், “பெருசுங்க, ஓரமா இருக்கோம்மா” என்கிறீர்களாம். அவள் அழுதுவிட்டாள். என்னோடு நீங்கள் ஆயுசுக்கும் பேசவேண்டாம், அவளோடு பேசிவிடுங்கள். தனியாகப் போகிற எண்ணம் அவளுக்குக் கனவிலும் கிடையாது. இதை நான் சத்தியமாகவே சொல்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசீர்வாதம். அவள் வாங்கிக்கொள்வாளா தெரியாது, சும்மா வைத்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி, கூடவே முட்டாளும்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மகள் போன் பண்ணினாள். லேப்டாப் பிரமாதமாம், இரண்டு திரையிலும் படம் கண்ணாடி மாதிரி ஓடுகிறதாம். ஆனால் எல்லாவற்றையும் வைக்கப் புதுசாகப் பெரிய மேஜை போட்ட பிறகு அந்த மாடி அறையில் கட்டிலுக்கு இடமில்லையாம், மாப்பிள்ளை மூன்று நாளாகப் பாயை வாசல்படி வரைக்கும் விரித்துப் படுக்கிறாராம். தனியா ஒண்ணு பாருங்கப்பா என்றாள். இந்தத் தடவை நான் ஏமாறவில்லை, கார்டா, வீடா என்று கேட்டேன். “வீடுப்பா” என்றாள். உங்களிடம் சொல்ல அவளுக்குப் பயமாக இருக்கிறதாம், நான்தான் வந்து பேசணுமாம். எனக்கும் பயம்தான். அதனால் போன தடவை பேசிய அந்த நாற்பது நிமிஷத்தையே இதற்கும் வைத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.