இருபது எம்பி வெள்ளம்

இதை எனக்குச் சொன்னவர் வேதாரண்யம் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவர். அவருக்குச் சொன்னவர் அந்த அலுவலகத்திலேயே வேலை பார்த்தவராம். நான் நேரில் பார்க்கவில்லை. சரிபார்க்க முடிந்த ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

கடைமடைப் பக்கம் ஒரு வட்டாட்சியர் அலுவலகம். கார்த்திகை மழையில் சம்பா மூழ்கிய வருஷம். அலுவலகங்களில் காகிதத்தையே ஒழித்துவிடுவது என்று கிளம்பியிருந்த காலம். ஆகவே மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு, காகிதத்தில், மூன்று நகல்களோடு வந்தது. பாதிக்கப்பட்ட வயல்களின் புகைப்படங்களை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் மட்டுமே அனுப்ப வேண்டும். படம் வராத வயலுக்கு நிவாரணம் கிடையாது.

மின்னஞ்சல் என்றால் அந்த அலுவலகத்தில் இளவழகன்தான். தினக்கூலிக்குக் கணினி பார்ப்பவன். அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அவன் அம்மா செவ்வந்தி இருபத்தைந்து வருஷம் ஊரார் வயலில் நடவு நட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் சொந்தமாக ஒரு ஏக்கர் வாங்கியிருந்தாள். அந்த ஒரு ஏக்கரும் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

அலுவலகத்தில் கேமரா இல்லை. மளிகைக் கடை ஹபீப் முகம்மதுவிடம், மகன் ஃபாஜில் துபாயிலிருந்து அனுப்பியது ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலர் மருதையன் சேற்றில் இறங்கி நாற்பது வயல்களைப் படம் பிடித்து வந்தார். நல்ல கேமரா. அதுதான் வினையாகப் போயிற்று. நாற்பது படமும் சேர்ந்து நூற்றைம்பது எம்பி. மின்னஞ்சலில் ஒரு தடவைக்கு இருபது எம்பிக்கு மேல் ஏறாது.

"படத்தையெல்லாம் சுருக்கிட்டா போயிடுங்க சார். சின்ன வேலைதான்" என்றான் இளவழகன்.

வட்டாட்சியர் வைத்தியலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நாலு எம்பி சேதத்தை ஒரு எம்பியாக் காட்டுவியா? மிச்சம் மூணு எம்பி எங்க போச்சுன்னு ஆடிட்ல கேட்டா யாருப்பா பதில் சொல்றது?"

எட்டு மின்னஞ்சலாகப் பிரித்து அனுப்பலாம் என்றான். பொருள் ஒன்று என்றால் கடிதமும் ஒன்றுதான். எட்டுக் கடிதம் போனால் அங்கே எட்டுக் கோப்பு திறப்பார்கள், எட்டுக்கும் நினைவூட்டுக் கடிதம் வரும் என்றார். சிடியில் ஏற்றி ஆளிடம் கொடுத்தனுப்பினால் பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரும் என்றான். உத்தரவில் பேருந்து இல்லை என்றார்.

எனவே, இருபது எம்பிக்குள் எவ்வளவு வெள்ளம் அடங்குமோ அவ்வளவு வெள்ளத்தை மட்டும் அனுப்புவது என்று முடிவாயிற்று. அதிகம் பாதித்த வயலுக்கு முன்னுரிமை. எது அதிகம் பாதித்தது என்று கண்டுபிடிப்பது எப்படி? தலைமை எழுத்தர் அம்சவல்லி திரையை எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஓர் எண் இருந்தது.

"மெஷினே அளந்து வச்சிருக்கே சார்."

அளந்துதான் வைத்திருந்தது. முதலிடம் ஹபீப் முகம்மதுவின் மேட்டு வயல், ஐந்தேகால் எம்பி. கடைசி இடம் செவ்வந்தியின் ஏக்கர், முக்கால் எம்பி.

இளவழகன் கணக்குப் போட்டுப் பார்த்தான். பேசினால் அம்மாவுக்காகப் பேசியதாக ஆகும். பேசாமல் இருந்தால் பொய்க்கு உடந்தை. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினான். மேட்டு வயலில் பயிர் நிற்கிறது, ஒவ்வொரு நெல் தாளும் தனியாகத் தெரிகிறது. படத்தில் விவரம் கூடினால் எம்பி கூடும். அந்தக் கடைசி வயலில் மேலே சாம்பல் வானம், கீழே சாம்பல் தண்ணீர், வேறு எதுவுமே இல்லை, அதனால்தான் குறைவு.

"அந்தக் கடைசி வயல் யாருது?"

"எங்கம்மாவுதுங்க சார்."

"அப்ப நீ அபிப்பிராயம் சொல்லக் கூடாது. விதியில இடமில்ல."

சேதி கேட்டு ஹபீப் முகம்மதுவே வந்துவிட்டார். "சார், என் வயல்ல கணுக்கால் அளவுகூடத் தண்ணி இல்ல. ஆடு கால் நனையாம மேய்ஞ்சுட்டுப் போவுது." தன் சேதத்தைத் தானே மதிப்பிடும் அதிகாரம் பயனாளிக்கு இல்லை என்று வைத்தியலிங்கம் அவருக்கு அன்போடு விளக்கினார். இருந்தாலும் யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று வியாழக்கிழமை மறு படப்பிடிப்புக்கு ஆணையிட்டார்.

இளவழகன் பேசியதில் ஒரே ஒரு வாக்கியம்தான் மருதையன் வாய்வழியாக ஊர் போய்ச் சேர்ந்தது. விவரம் கூடினால் எம்பி கூடும்.

வியாழன் காலையில் வயல்கள் அடையாளம் தெரியவில்லை. வரப்பெல்லாம் வாழைமரம், மாவிலைத் தோரணம், வாடகை சீரியல் விளக்கு. கொடி கட்டிப் பூப்போட்ட சேலைகளாகக் காயப்போட்டிருந்தார்கள். ராமாயி தன் பதினொரு ஆட்டுக்கும் கழுத்தில் மாலை போட்டு வரிசையாக நிறுத்தியிருந்தாள். பெண் வீட்டு வயல் ரெண்டே எம்பிதானாம் என்று ஒரு சம்பந்தம் நின்று போனது.

செவ்வந்தியும் மகனைக் கேட்டாள். "நம்ம வயல்ல வாழைய நட்டா மெதந்து போயிடுது. நான் வேணா கல்யாணச் சேலையைக் கட்டிக்கிட்டு உள்ள எறங்கி நிக்கட்டுமா?"

"வேணாம்மா. விசாரணைன்னு வந்தா நாந்தான் மாட்டுவேன்."

"பயந்து பயந்தேதான் பட்டம் வாங்குனியாடா நீ?"

அது உண்மைதான்.

வெள்ளிக்கிழமை பார்த்தால் எல்லாருடைய சேதமும் வளர்ந்திருந்தது. மின்னஞ்சல் வளரவில்லை. முதல் பட்டியலில் நான்கு வயலாவது ஏறியிருக்கும். இப்போது மூன்றுதான் ஏறின. பத்தொன்பது எம்பி. ராமாயியின் ஆடுகள் நான்காமிடத்தில் நின்று போயின. இளவழகன் அனுப்பப் போன சமயம் வைத்தியலிங்கம் கையைப் பிடித்தார்.

"ஒரு எம்பி மிச்சம் நிக்குதேப்பா. ஒதுக்கீட்டை முழுசா செலவு பண்ணலைன்னா அடுத்த வருஷம் பத்தொன்பதாக் கொறைச்சிடுவான். ஒரு எம்பிக்குள்ள என்ன இருக்கு?"

நாற்பதில் ஒன்றுதான் இருந்தது. மறு படப்பிடிப்பிலும் முக்கால் எம்பியைத் தாண்டாத ஒன்று.

"அது எங்கம்மா வயலுங்க சார்."

"யாருதா இருந்தா என்ன? அளவு சரியா இருக்குல்ல?"

ஐந்து மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது, வயல்காரர் பெயர்களோடு மின்னஞ்சல் போயிற்று. அன்றைக்குத்தான் ஒரு வாரத்துக்குப் பிறகு செவ்வந்தி வயிறாரச் சாப்பிட்டாள்.

ஒரு மாதம் கழித்து மேலிடத்துப் பதில் வந்தது, காகிதத்தில், மூன்று நகல்களோடு. முதல் மூன்று படங்களும் ஊர்த் திருவிழா தொடர்பானவை எனத் தெரிவதால் பரிசீலிக்க இயலவில்லை. நான்காவது படத்தில் காணப்படும் நீர்நிலை சிறப்பாகப் பராமரிக்கப்பட்டு வருவது பாராட்டுக்குரியது. மேற்படி நீர்நிலையைப் பதிவேட்டில் ஏரி எனத் திருத்தி, அதற்குள் சாகுபடி செய்து வருவதாகத் தெரியவரும் செவ்வந்தி என்பவருக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

நோட்டீசை இளவழகன்தான் தட்டச்சு செய்தான். ஒரு பிழைகூட இல்லாமல் செய்தான். பெற்றுக்கொண்டதற்கு அம்மாவிடம் கையெழுத்தும் அவனே வாங்கினான்.

இரண்டு வருஷம் கழித்து, தை மாதத்தில் நான் அந்த ஊருக்குப் போனேன். வழக்கு இன்னும் நடக்கிறது. ஏரிக்குள் சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. ஹபீப் முகம்மதுவிடம் அதே கேமராவை இரவல் வாங்கி, மருதையன் நின்ற அதே வரப்பில் நின்று ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். ஐந்தரை எம்பி. அலுவலகக் கணக்குப்படி, அந்த ஏக்கருக்கு இதுவரை நேர்ந்ததிலேயே பெரிய சேதம் அதுதான்.