ரிஜெக்ட் அண்ணாச்சியும் கார்புரேட்டர் ஊசியும்

ஒரகடம் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை எத்தனை ஃபேக்டரி உண்டோ, அத்தனையிலும் தயாராகும் சரக்கை எங்கள் ஹாஸ்டல் ரிஜெக்ட் அண்ணாச்சியிடம் காட்டியிருந்தால், ஒரு ஆணிகூட கேட்டைத் தாண்டியிருக்காது!

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். பார்ட்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. குறையுள்ள பொருளில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஷிஃப்ட் முடிந்தாலும் மனுஷனுக்குக் கை நிற்காது. மெஸ் இட்லியில் ஒட்டினார். தூங்கிக்கொண்டிருந்த வார்டன் முதுகில், குறட்டைக்காக ஒட்டினார்.

இப்பேர்ப்பட்டவரின் பைக்கோ, அரதப் பழசு. நின்றால் பெட்ரோல் சொட்டும், ஓடினால் கரும்புகை கக்கும். "கார்பரேட்டர்ல ஃப்ளோட் ஊசி தேஞ்சிருக்குலே. பெட்ரோல அடைக்க மாட்டேங்கு, அதான் வழியுது" என்று நோயைச் சரியாகத்தான் சொல்வார். ஊசியை மாற்றத்தான் மாட்டார். புது ஊசி ஒன்றுகூட அவரிடம் பாஸாகவில்லையே!

"இன்னா நைனா, இது ஊசியா, வைர மூக்குத்தியா? லென்ஸ் வெச்சிகினு பாக்குற!" என்று ஸ்பேர்ஸ் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அண்ணாச்சி அசரமாட்டார். வாங்கிய ஊசிகளுக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, திருப்பிக் கொடுப்பதற்காகச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் உயிரே ஊசலாடியது. என்னோடு ஒரே லைனில் வேலை செய்த, நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட செல்வியின் அப்பா, வாலாஜாபாத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு என்னை வரச் சொல்லியிருந்தார். ஹாஸ்டல் பையன்கள் என்றாலே அவருக்கு ஆகாது. ராகு காலம் தொடங்குவதற்குள் வராவிட்டால் பேச்சே கிடையாது என்று வேறு சொல்லிவிட்டார்.

"பஸ்ஸுல போயா பொண்ணு கேப்ப? ஏறுலே!" என்றார் அண்ணாச்சி. ஏறினேன். பாதி வழியில் பைக் படுத்துவிட்டது.

ரோட்டோரம் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பிரித்தார். பழைய ஊசியின் நுனியை நகத்தால் வருடியதும் முகம் பிரகாசித்தது. "பாத்தியாலே, பள்ளம்! நகம் மாட்டுது பாரு! நான் அன்னைக்கே சொன்னேம்லா!"

"ஐயோ, ராகு காலம் வந்துரும் அண்ணாச்சி! பையில இருக்கிற புதுசுல ஒண்ண போடுங்க!"

"அது ரிஜெக்ட்டுல்லா!"

"அப்போ செல்வி?"

அண்ணாச்சி சட்டைப் பையைத் தடவினார். பிறகு ஒரு ஊசியை எடுத்து, சிவப்பு ஸ்டிக்கரை உரித்தார். உரிக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், சத்தியமாகச் சொல்கிறேன். மாட்டிவிட்டுக் கிக்கரில் ஒரு உதை விட்டார். சொட்டவில்லை! "ஏலே, ஆஃப் ஆவாம ஐட்லிங் நிக்குலே, ஐட்லிங் நிக்கு!" என்று ரோட்டிலேயே குதித்தார். பறந்தோம்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். செல்வியின் அப்பா என்னைவிட்டு அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார். "ஹாஸ்டல் பசங்கள எப்டிபா நம்புறது? நீ கூடவே கீறியே, சொல்லு. பையன் எப்டி?"

கேட்க வேறு ஆளா கிடைக்கவில்லை?

அண்ணாச்சி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "சோம்பேறி. துணி துவைக்க மாட்டான். பாதி நாள் என் சட்டையத்தான் போட்டுட்டுப் போவான்." செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"ஆனா எனக்கு டெங்கு வந்தப்ப, ஷிஃப்டுக்குப் போவாம ஆஸ்பத்திரி தரையில கெடந்தவன் இவன். எனக்கு மட்டும் ஒரு தங்கச்சி இருந்திருந்தா, உங்களுக்கு விட்டிருக்கவே மாட்டேன் அய்யா."

செல்வியின் அப்பா உள்ளே திரும்பி, காபி கொண்டுவரச் சொன்னார். கூடப் பிறந்த அண்ணன் வந்திருந்தால்கூட எனக்காக இப்படிப் பேசியிருக்க மாட்டான்.