சாமுவேல் ஐயாவுக்கு வந்த ஐஸ் பெட்டி

சபைக் கூட்டத்தில் ஓயாமல் சண்டை போடுகிற ஆளின் வாயை அடைக்க ஒரு வழி இருக்கிறது. அந்த ஆளுக்கு ஓர் ஊழியத்தைக் கொடுத்துவிடுவது. என்னை அப்படித்தான் மிஷனரி ஆக்கினார்கள்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "ஓசூர் குளிருக்குக் கோயில்ல ஏசி எதுக்கு? நடக்க முடியாம வீட்டுல கெடக்கிற பெருசுங்கள யாரு போய் பாக்கறது?" பாஸ்டர் கோபப்படவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். "சிஸ்டர், கர்த்தர் உங்க வாயாலேயே பதிலும் கொடுத்துட்டார்" என்றார். அடுத்த ஞாயிறன்று சபை முன்னால் முழங்கால் போட வைத்து, தலையில் கை வைத்து ஜெபித்து, 'உள்ளூர் மிஷனரி' என்று அறிவித்துவிட்டார்கள். ஏசியும் வந்துவிட்டது.

மிஷனரி என்றால் காடு மலை ஏறிப் போகிறவர் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கிடைத்த காடு, ராயக்கோட்டை ரோட்டில் உள்ள லைன் வீடுகள். (தேன்கனிக்கோட்டைப் பக்கம் அனுப்பியிருந்தால் யானையாவது இருந்திருக்கும். யானையிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொள்ள முடியாது.)

இந்த வேலைக்கு நான் லாயக்கில்லாதவள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பல்சக்கரங்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. ஓகே, ரிஜெக்ட். இந்த இரண்டு வார்த்தைகளை வைத்தே என் காலம் ஓடிவிட்டது. ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால் எனக்குத் துணையாக ஸ்டெல்லாவைப் போட்டார்கள். ஸ்டெல்லா எந்த வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றும்போதே அழ ஆரம்பித்துவிடுவாள். அவள் பாடுவாள், ஜெபிப்பாள். நான் பழப்பையைத் தூக்குவேன், போட்டோ எடுப்பேன்.

போட்டோ முக்கியம். ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட வேண்டும். போட்டோ இல்லையென்றால் போகவே இல்லை என்றுதான் கணக்கு. எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, ஒருத்தி மட்டும் கண்ணைத் திறந்து கிளிக் பண்ண வேண்டும். பரலோகத்தில் இதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. பூமியில் என்ன என்பது தெரியும்.

நாங்கள் அதிகம் போனது சாமுவேல் ஐயா வீட்டுக்கு. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். வாட்ச்மேன் வேலைக்கு ஓசூர் வந்து, மனைவியை இங்கேயே அடக்கம் செய்துவிட்டு, ஒற்றை அறையில் தனியாக இருந்தார். ஒரே மகனுக்குப் பெங்களூரில் சாப்ட்வேர் வேலை. அங்கிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். வர மனமில்லாதவனுக்கு அது அமெரிக்கா.

ஐயாவுக்கு எங்கள் பாட்டும் வேண்டாம், பழமும் வேண்டாம்.

"ஜெபம்லாம் பொறவு பண்ணலாம். மொதல்ல ஒன் போனத் தா. என் நம்பர்னா அவன் எடுக்க மாட்டான்" என்பார்.

போட்டுக் கொடுப்பேன். அவர் குரல் கேட்டதுமே மகன் போனை என்னிடம் கொடுக்கச் சொல்வான். "மேடம், இந்த வாரம் ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. நெக்ஸ்ட் வீக் வர்றேன்னு சொல்லிடுங்க."

"என்ன சொல்லுதான்?"

"அடுத்த வாரம் வர்றாராம்."

"ம். போன வாரமும் அதத்தான சொன்னான்."

நான்கு வருடமாக இதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயா, கிறிஸ்துமஸுக்குள்ள உங்க பையனை இந்த வாசல்ல கொண்டாந்து நிறுத்தலைன்னா நான் மிஷனரியே இல்ல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா ஆமென் என்றாள்.

ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ மொதல்ல ஒரு டீ வாங்கிட்டு வா" என்றார். ஆனால் அடுத்த வாரம் நாங்கள் போனபோது வாசலைக் கழுவி வைத்திருந்தார்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. திருநெல்வேலி உடம்புக்கு ஓசூர் டிசம்பர் ஒத்துக்கொள்ளாது. ஐயாவுக்குச் சளி. கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். காது வலி என்று மப்ளரைத் தலையோடு தாடையையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார். மூக்கு இரண்டிலும் யூகலிப்டஸ் எண்ணெய் தொட்ட பஞ்சு. முதியோருக்குச் சபை கொடுத்த புது வெள்ளைப் போர்வையை ஸ்டெல்லா அவர் கழுத்துவரை இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் எடுத்து நெஞ்சின் மேல் கோத்து வைத்தாள். "ஜெபிக்கலாம்ங்கய்யா."

ஸ்டெல்லாவின் ஜெபம் ஐயாவின் மூட்டுவலியில் தொடங்கி, பர்கூர் கல் குவாரித் தொழிலாளிகளைத் தொட்டு, தேசத் தலைவர்களுக்குப் போகும். தலைவர்கள் வருவதற்குள் ஐயா தூங்கிவிட்டார். நான் கிளிக் செய்தேன். கட்டிலில் அவர், தலைமாட்டில் கண்ணீரோடு ஸ்டெல்லா, கையில் வேதாகமம்.

மற்றவர்கள் போட்டோவுக்குக் கீழே பத்து வரி எழுதுவார்கள். எனக்கு அது பிடிக்காது. 'சாமுவேல் ஐயா' என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, சத்தத்தை நிறுத்தி வைத்திருந்த போனைப் பையில் போட்டேன். அவர் எழுந்ததும் குடிக்கட்டும் என்று கஞ்சி வைக்கப் போனேன்.

கஞ்சி கொதிப்பதற்குள் வீட்டுக்கார நாகம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அய்யோ தேவுடா! எனக்குச் சொல்லவே இல்லையேம்மா! காலையில கூட கொழாயில தண்ணி புடிச்சாரே!"

"யாருக்கு என்ன ஆச்சு?"

"வெளிய மாலையோட நிக்கறாங்களே!"

எட்டிப் பார்த்தேன். ரோஜா மாலையோடு சபைச் செயலாளர். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் பெண்கள் சங்கம் முழுவதும். அவர்களுக்கும் பின்னால், பின்னோக்கி வந்துகொண்டிருந்தது ஐஸ் பெட்டி வண்டி.

போனை எடுத்தேன். குரூப்பில் ஒரு கூப்பிய கை. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே 'ஆழ்ந்த இரங்கல்'. அப்புறம் எண்ணி மாளவில்லை. ஏதோ கூட்டத்துக்கு வெளியூர் போயிருந்த பாஸ்டர், தான் வராமல் அடக்கத்துக்கு நேரம் குறிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். யாரோ ஒரு நல்லவர் அந்தப் போட்டோவை மகனுக்கும் அனுப்பிவிட்டார்.

நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் அறை நிறைந்துவிட்டது. பெண்கள் பாட வாயைத் திறந்தார்கள். அந்தச் சத்தத்தில் ஐயா எழுந்து உட்கார்ந்தார். மூன்று பேர் வெளியே ஓடினார்கள். ஓர் அம்மா அங்கேயே சரிந்தாள்.

ஐயா மூக்கிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார். "என்ன சத்தம்? யாரு போயிட்டா?"

"யாரும் இல்லைங்கய்யா" என்றார் செயலாளர். மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அப்பொ வாசல்ல நிக்க பெட்டி யாருக்கு?"

நான்தான் உள்ளதைச் சொல்கிறவளாயிற்றே. "உங்களுக்குத்தாங்கய்யா" என்றேன்.

வண்டிக்காரன் தலையை நீட்டினான். "அம்மா, பெட்டிய எங்க எறக்கறது?"

ஐயா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "நாலு வருசமா ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இன்னைக்குப் பெட்டியோட வந்துட்டியளோ? சரி, உக்காருங்க. நாகம்மா, எல்லாத்துக்கும் டீ சொல்லு."

அத்தனை பேரும் தலையைக் குனிந்து டீ குடித்தார்கள். அடக்க வீட்டிலும் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது சுற்று டீ வந்த நேரத்தில் மகன் வந்தான். காரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, ஷூவோடு, "அப்பா... அப்பா..." என்று கதறிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தான். எதையும் சந்தேகப்பட்டுச் சோதிக்கிறவள் நான். சொல்கிறேன், அந்த அழுகையில் பொய் இல்லை. கட்டிலருகே வந்து நின்றான். அப்பா டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, வந்துட்டியா? சாப்டியா?"

அவன் முகத்தில் அடுத்து வந்தது சந்தோஷம் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"யாரு அந்த போட்டோவப் போட்டது?"

"நான்தான்."

"ஆள் உயிரோட இருக்காரான்னு பாக்க மாட்டீங்களா மேடம்?"

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் வாய் சும்மா இருக்குமா? "நீங்க பாக்க மாட்டீங்களா? நாலு வருசமா?"

"ஓ! அப்ப திட்டம் போட்டுத்தான் வரவழைச்சிருக்கீங்க."

இல்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் ஐயா முந்திக்கொண்டார். முகமெல்லாம் பெருமை. "ஆமாலே! ஒன்னைய இந்த வாசல்ல கொண்டாந்து நிறுத்துவேன்னு சொன்னா. நிறுத்திட்டா. இவதாம்லே மிஷனரி!"

அதோடு முடிந்தது. அத்தனை பேர் முன்னாலும் நான் ஒரு மோசடிக்காரி ஆனேன். மகன் அப்பாவைக் கூட்டாளியாகப் பார்த்தான்.

"இருந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போலே" என்றார் ஐயா.

"அத்திப்பள்ளில டிராபிக் ஆயிடும்." வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னான்: "இனிமே உங்க நம்பர்ல இருந்து என்ன வந்தாலும் நான் நம்ப மாட்டேன்."

அவன் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை. சபையில் 'ஜெப நேரத்தில் போட்டோ எடுக்கலாகாது' என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். மாலையோடு வந்தவர்களில் ஒருவரும் ஐயா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நான் மட்டும் போனேன், ஸ்டெல்லாவோடு. ஐயாவுக்கு அதன்பின் பேச்சு ஒன்றுதான். "அன்னைக்கு எப்படி அழுதான், பாத்தியா? எம்மேல பாசம் இல்லேன்னா அப்பிடி அழுவானா?" ஓகேவும் சொல்ல முடியாமல், ரிஜெக்ட்டும் சொல்ல முடியாமல் தலையை ஆட்டுவேன்.

ஆடி மாதக் காற்றில் ஒரு விடியற்காலை நாகம்மா போன் செய்தாள். போனேன். இந்த முறை நான் நன்றாகப் பார்த்தேன்.

மகன் என் நம்பரை எடுக்கவில்லை. நாகம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும், "மறுபடியுமா?" என்றான்.

"இல்ல தம்பி. நெஜமாத்தான்."

"வீடியோ கால்ல வாங்க."

வந்தேன். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கையத் தூக்கிக் காட்டுங்க."

நாகம்மா போனைப் பிடித்துக்கொண்டாள். நான் ஐயாவின் கையைத் தூக்கி விட்டேன். விழுந்தது. அதற்கப்புறம்தான் அழுதான். குரூப்பில் நான் போட்ட செய்திக்கு வந்த முதல் பதில்: 'சிஸ்டர், நல்லா பாத்தீங்களா?' பாஸ்டர் நேரில் வந்து பார்த்து எழுதிய பிறகுதான் நம்பினார்கள். அதற்குள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் போய்விட்டார்கள். ஐயாவைத் தூக்க ஆள் போதாமல் ஐஸ் பெட்டி வண்டிக்காரனும் ஒரு பக்கம் பிடித்தான்.

எங்கள் வீட்டில் இது இன்றும் பெரிய சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கொஞ்சம் அசந்தால் போதும், "ஏய், கையத் தூக்கிக் காட்டு" என்பார் என் வீட்டுக்காரர். புனேயில் வேலை பார்க்கும் என் மகனும் அதைப் பிடித்துக்கொண்டான். வீடியோ காலில் வந்ததும் முதல் வார்த்தை, "அம்மா, கையத் தூக்கு, பாக்கலாம்."

தூக்குவேன். மூன்று பேரும் சிரிப்போம். எப்போது வருகிறாய் என்று மட்டும் நான் அவனிடம் கேட்பதில்லை.