மாமா தயாராக இருக்கிறார்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நலம். அங்கேயும் எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவை வந்து அழைத்துப் போ.

தீயணைப்பு நிலையத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர், நாலு நாள் மகள் வீட்டில் இருக்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன். வந்த மறுநாளே வீட்டைத் தயார் செய்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டார். எதற்குத் தயார் என்று கேட்டால், "ஆபத்து சொல்லிக்கிட்டா வரும், மாப்பிள்ளை?" என்கிறார். வாசலருகே வரிசையாகப் பைகள். டார்ச் ஒன்றில், மருந்து ஒன்றில், என் மூக்குக்கண்ணாடி எதிலோ. அடுப்பில் பால் பொங்குகையில் உன் அக்காள் இடுக்கிக்காகப் பைகளைக் குடைகிறாள். ஆனால் முறைப்பது என்னவோ என்னைத்தான்.

வீடுதானே என்று பொறுத்தேன். நான் கொள்முதலுக்கு வெளியே போன நேரம் பார்த்துக் கடைக்கும் வந்து, வாளி, குவளை, தொட்டி அத்தனையையும் மூட்டை மூட்டையாகக் கட்டிவிட்டார். தீப்பிடித்தால் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடலாமாம். வாளி கேட்டு வந்த ஓர் அம்மாவை உட்காரவைத்து, முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டிருக்கிறேன், புது மாணவர் விடுதியின் மேலாளர் உள்ளே வருகிறார். நாயாய் அலைந்து பிடித்த ஆள், மச்சான். அவர் ஆர்டர் கிடைத்தால் பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பிடித்துவிடலாம் என்றிருந்தேன். மூட்டைகளைப் பார்த்தார், என் வாயிலிருந்த கயிற்றைப் பார்த்தார். "கடையைக் காலி பண்றீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கிளம்பிவிட்டார்.

தயார் என்றால் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது. எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான். உன் அப்பாவுக்கோ, கேட்டாலும் எடுக்க முடியாதபடி வைப்பது. தெருவோரம் துணி விரித்து விற்ற காலத்தில்கூட என்னை ஓடப்போகிறவன் என்று யாரும் நினைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்த உன் மச்சான்

பி.கு.: இதைத் தபாலில் போடுமுன் மேலாளர் திரும்பி வந்தார். மற்ற கடைகளில் எண்ணிக் கட்டித்தர நாளாகுமாம். விடுதிக்கு நாளைக்கே பிள்ளைகள் வருகிறார்களாம். மாமாவின் மூட்டைகளை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சொல்லலாமென்று வீட்டுக்கு ஓடினால், மாமா பையோடு வாசலில் நிற்கிறார். "மகனுக்கு எழுதிட்டீங்களாம், பொண்ணு சொல்லுச்சு. நான் ரெடி" என்றார். புதுச் சரக்கு வருகிறது, உங்களை விட்டால் யார் கட்டுவது என்று பையைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். நீ வரவேண்டாம்.