குவைத் மச்சானுக்கு, பேட்டரி வண்டி விஷயமாக

திருப்பூர்,
22-8-2008

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய மச்சான் கமருதீன் அவர்களுக்கு, நஜீமுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை அமீருன்னிசாவும் படைத்தவன் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கே குவைத் வெயிலில் எண்ணெய்க் கிணற்றோரம் நிற்கும் தங்கள் உடம்பும், தலையும், தலையில் மிச்சமிருக்கும் முடியும் குறைவில்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பீர்கள், எனக்குக் கோபம் வரும், வைத்துவிடுவேன். கடிதத்தில் நீங்கள் எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது. தவிர, உங்கள் மகள் மெஹ்ஜபின் நிக்காஹ் வீடியோவின் சிடி உங்களுக்குப் பார்சலில் வந்துகொண்டிருக்கிறது. அதை நீங்கள் போட்டுப் பார்ப்பதற்கு முன் இந்தக் கடிதம் கைக்கு வந்துவிட வேண்டும். சிடியில் நாற்பதாவது நிமிடத்தில் ஒரு டேங்கர் லாரி வரும். அதன் முன்சீட்டில் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அது நான்தான். மற்றதைக் கேளுங்கள்.

ஆரம்பித்து வைத்தது நீங்கள். ஜூன் மாதம் பெட்ரோல் ஒரே நாளில் ஐந்து ரூபாய் ஏறியது ஞாபகம் இருக்கும். அதே வாரம்தான் உடுமலைப்பேட்டை உங்கள் வீட்டில் மெஹ்ஜபினுக்கு நிச்சயம். நீங்கள் குவைத்திலிருந்து போனில் இருந்தீர்கள், ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்திருந்தோம். நான் விலை ஏறியதைப் பற்றி இரண்டு வார்த்தை வருத்தப்பட்டேன். உடனே நீங்கள், சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் கேட்க, "நாங்க இங்க குழாயை மூடினா உங்க திருப்பூரே அப்படியே உக்காந்துடும் மச்சான்" என்றீர்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளை முதஸ்ஸிர்கூட வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். எனக்கு வந்த ரோஷத்தில், "நீங்க தோண்டுற எண்ணெயில இனி இந்த உடம்பு ஓர் அடி நகராது" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்து "என் வண்டி நகராது" என்று சொல்லியிருக்கலாம். உடம்பு என்று சொல்லித் தொலைத்ததால், மறுநாள் திருப்பூருக்குத் திரும்ப பஸ்ஸில் ஏறப் போனபோது உங்கள் தங்கை, "பஸ்ஸு தண்ணியிலயா ஓடுது?" என்று கேட்டாள். அன்றைக்கு மட்டும் கணக்கில் சேராது, வாக்கு வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அமல் என்று சொல்லி ஏறினேன்.

வீடு போனதும் மொபெட்டைக் கொடுத்துவிட்டு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், சத்தமும் கிடையாது. மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஒருமுறை சார்ஜ் போட்டால் எழுபது கிலோமீட்டர் போகும் என்று கடைக்காரர் சொன்னார். எப்படிப்பட்ட ரோட்டில், எவ்வளவு எடையுள்ள ஆளுக்கு என்று நான் கேட்கவில்லை. சத்தமே இல்லாததால் ரோட்டில் படுத்திருக்கும் நாய்கள் என்னை ஒரு வண்டியாகவே மதிக்கவில்லை. ஒவ்வொரு நாய்க்கும் இறங்கி "எந்திரிப்பா" என்று சொல்லித்தான் போவேன். வியாபாரத்துக்கு வேஸ்ட் துணி வாங்கப் போகிற பனியன் கம்பெனிகளில் எல்லாம், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பிள்ளைகள் வெளியே வந்து என் வண்டியைப் பார்ப்பார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆனால் ஊரில் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத காலம் இது. வீட்டில் சார்ஜ் போட்டால் பாதியில் போய்விடும். அதனால் பக்கத்து நிட்டிங் கம்பெனி பொங்கியண்ணன் ஜெனரேட்டர் லைனில் ஒரு பிளக் கொடுத்தார். நல்ல மனுஷர். ஒரு வாரம் கழித்து ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டே, "ஏனுங்க பாய், எனக்கு ஒரு சந்தேகமுங்க. உங்க வண்டியும் இந்த டீசலைத்தானுங்க குடிக்குது?" என்றார். மச்சான், இதை உங்களிடம் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. ஆனால் நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். ஆடு புல்லைத் தின்கிறது. நாம் ஆட்டைத் தின்கிறோம். அதனால் பிரியாணி சாப்பிட்டவனைப் பார்த்து நீ புல் தின்றாய் என்று யாராவது சொல்வார்களா? டீசல் குடித்தது ஜெனரேட்டர். என் வண்டி குடித்தது கரண்டு. பொங்கியண்ணனிடமும் இதையே சொன்னேன். "நீங்க சொன்னாச் செரீங்க" என்று போய்விட்டார். இந்த ஊர்க்காரர்கள் செரீங்க என்றால் ஒத்துக்கொண்டார்களா, விட்டுவிட்டார்களா என்று முப்பது வருடமாக எனக்குப் புரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் உங்களுக்கு லீவு இல்லை என்று சேதி வந்தது. உலகம் முழுக்க எண்ணெய் விலை உச்சிக்குப் போனதால் இரவு பகலாக இறைக்கிறார்கள், யாருக்கும் லீவு கிடையாது என்று நீங்கள் சொன்னபோது போனில் உங்கள் குரல் சரியில்லை. ஒரே மகள் நிக்காஹுக்கு வர முடியவில்லை. என்னதான் நமக்குள் வாய்ச்சண்டை இருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். உங்கள் இடத்தில் நின்று பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பை என் பேருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினீர்கள். அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். நானும் காகிதமும் போய்ச் சேராமல் ஹஜ்ரத் நிக்காஹ் ஓத முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் உங்கள் தங்கை இரண்டு நாள் முன்பே பஸ்ஸில் கிளம்பியபோது நான் கூடப் போகவில்லை. வாக்கு என்னாவது? "நிக்காஹ் அன்னிக்கு விடியல்ல கிளம்பினா ஒம்பதுக்கெல்லாம் வந்து நிப்பேன்" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினேன். உடுமலை அறுபது கிலோமீட்டர். பல்லடம் தாண்டும்வரை ராஜா மாதிரிப் போனேன். அதற்கப்புறம் பிடித்தது பாருங்கள், ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அத்தனையும் என்னையே தேடி வந்த மாதிரி இருந்தது. ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் தொப்பி. இருபத்தைந்து இருபதாச்சு, இருபது பன்னிரண்டாச்சு. சைக்கிளில் பால் கேன் கட்டிப் போன ஒரு அம்மா என்னைத் தாண்டும்போது, "தள்ளிவுடணுமுங்களா?" என்று கேட்டது. வேண்டாம் தாயி என்று சொல்லிவிட்டேன். குடிமங்கலம் கிட்டே போனபோது மணி பத்து. வண்டி ஒரு தடவை விக்கி, நின்றது.

நின்ற இடத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சுற்றிலும் காற்றாலை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நூறோ இருநூறோ, ஒவ்வொன்றும் பெரிய பெரிய இறக்கையை வைத்துக்கொண்டு விர்ர்ரென்று சுற்றுகிறது. எனக்குப் போன உயிர் வந்தது. இவ்வளவு கரண்டு காய்ச்சுகிற இடத்தில் எனக்கு ஒரு பிளக் கிடைக்காதா? வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், ஒரு காற்றாலையின் அடியில் ஷெட் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் கேட்டேன். ஆத்தப்பன் என்று பேர். அவர் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார்: "கரண்டு இங்க உற்பத்தி ஆவறதுதானுங்க, இங்க நிக்கறதில்லீங்க. அப்படியே கம்பியில ஏறிப் போயிருமுங்க. நம்ம ஷெட்டுக்கு ஊர் லைனுங்க. ஒம்பதுக்குப் போச்சு, பன்னெண்டுக்குத்தான் வருமுங்க."

"அப்ப இது எதுக்குங்க சுத்துது?" என்றேன்.

"அது எங்கியோ யாருக்கோ சுத்துதுங்க. நீங்க உக்காருங்க, டீ வெக்கறேன்."

டீ வைத்தது மண்ணெண்ணெய் அடுப்பில். இது வாக்கில் சேருமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். உடம்பு நகரக் கூடாது என்றுதானே சொன்னேன், உட்கார்ந்து டீ குடிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. குடித்தேன். அந்த நேரம் பார்த்து உடுமலை பஸ் ஒன்று வந்து, கண்டக்டர் தலையை நீட்டி "ஏறிக்கிறீங்களா பாய்?" என்றார். "இல்லீங்க, ஒரு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றேன். ஏதோ பெரிய விரதம் என்று நினைத்து நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டுவிட்டு விசில் அடித்தார். மச்சான், அந்த பஸ்ஸில் நான் ஏறியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன், ஏறியிருக்க வேண்டும்.

பத்தரைக்கு உங்கள் தங்கை போன் செய்தாள். எங்கே நிக்கிறீங்க? காத்தாடிக்குக் கீழே. என்ன பண்றீங்க? டீ குடிக்கிறேன். திட்டுவாள் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். திட்டவில்லை. போனைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். மெஹ்ஜபின் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். "மாமா, அத்தாதான் வரல. நீங்களும் வரலீங்களா?"

அதற்கப்புறம் எனக்கு ரோஷமும் தெரியவில்லை, வாக்கும் தெரியவில்லை. ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். எது வந்தாலும் ஏறுவது என்று நின்றேன். படைத்தவனுக்கும் கொஞ்சம் விளையாட்டு புத்தி உண்டு போலிருக்கிறது. வந்தது பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர். உடுமலை பங்க்குக்கு டீசல் லோடு. டிரைவர் இசக்கிமுத்து, தூத்துக்குடிப் பக்கத்து ஆள். விஷயத்தைச் சொன்னதும், "பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு, இங்க நின்னு என்ன வே கதை சொல்லுதீரு? ஏறும் அண்ணாச்சி!" என்று கத்தினார். ஆத்தப்பனும் அவருமாகச் சேர்ந்து என் வண்டியைத் தூக்கி, லாரியின் பின்னால் இருக்கும் ஏணியோடு கயிறு போட்டுக் கட்டினார்கள்.

தெருமுனையில் இறங்கி, வண்டியை அவிழ்த்து, அதைத் தள்ளிக்கொண்டு கௌரவமாக உள்ளே போவது என்று நான் திட்டம் போட்டிருந்தேன். இசக்கிமுத்து கேட்கவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்தவரை முக்கில் இறக்கிவிட்டால் பாவம் என்று, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு நேராக மண்டப வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அப்போதுதான் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி நிற்கிறார், வீடியோக்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காருக்குப் பின்னால் நாங்கள். "தீப்பற்றும் அபாயம்" என்று சிவப்பு எழுத்து. முன்சீட்டில் நான். இதுதான் அந்த நாற்பதாவது நிமிடம்.

நான் தலைகுனிந்து இறங்கினால், மாப்பிள்ளையின் பெரியப்பா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "தான் வர முடியலைன்னாலும் பொண்ணுக்குச் சீரா லோடையே அனுப்பி வெச்சுட்டாரே உங்க மச்சான்! குவைத்துக்காரர் குவைத்துக்காரர்தான்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சேதி மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. ஒருவர் தன் மில் ஜெனரேட்டருக்கு இரண்டு கேன் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இசக்கிமுத்து பயந்து லாரியை எடுத்துக்கொண்டு போனதில் என் ஸ்கூட்டரும் பின்னாலேயே தொங்கிக்கொண்டு போய்விட்டது, சாயங்காலம்தான் பங்க்கில் போய் மீட்டேன். உங்கள் மரியாதை சம்பந்தி வீட்டில் இப்போது எங்கேயோ இருக்கிறது. நான் அதைக் கெடுக்கவில்லை. நீங்களும் கெடுக்க வேண்டாம்.

பதினொன்றே காலுக்கு நிக்காஹ் நடந்தது. பிளாஸ்டிக் கவரிலிருந்து உங்கள் காகிதத்தை எடுத்து ஹஜ்ரத் கையில் கொடுத்தேன். "கமருதீன் மகள் மெஹ்ஜபினை" என்று உங்கள் பேரை இரண்டு தடவை சொல்ல வேண்டி வந்தது. இரண்டாவது தடவைதான் சத்தம் வந்தது. நீங்கள் நின்றிருக்க வேண்டிய இடம் மச்சான் அது. நான் எவ்வளவு நெஞ்சை நிமிர்த்தி நின்றாலும் அந்த இடம் எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது.

ஆகவே தாங்கள் தீர்ப்புச் சொல்லும்போது இவ்வளவையும் கருத்தில் கொள்ள வேண்டும். டேங்கரில் ஏறியது என் மனசு, உடம்பு அதன் பின்னால் போனது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்ததும் அந்தப் பயணத்தின் பாக்கிதான். ஸ்கூட்டரை அதன் கூரையில் போட்டுக் கொண்டுவந்தோம். வீடு வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்து வாக்கு மறுபடியும் அமலில் இருக்கிறது. உங்கள் எண்ணெயில் இனி இந்த உடம்பு ஓர் அடி நகராது.

புது மணமக்களுக்கும் உங்களுக்கும் எல்லா பரக்கத்தும் கிடைக்க துஆ செய்கிறேன். வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள்ளவும். அமீருன்னிசா ஸலாம் சொல்லச் சொன்னாள், சிடியை முதலில் நாற்பதாவது நிமிடத்திலிருந்து பார்க்கச் சொன்னாள். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
சொன்ன சொல் தவறாத
நஜீமுதீன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உங்கள் போன் வந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை இறங்கியிருக்கிறது, பெருநாளுக்கு லீவு கொடுத்துவிட்டார்கள் என்றீர்கள். நான் பெட்ரோல் போடுவதை நிறுத்திய மூன்றாம் மாதம் விலை இறங்கியிருக்கிறது, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். எது எப்படியோ, கோயமுத்தூரில் நீங்கள் இறங்கும்போது நான் வாசலில் நிற்பேன். ஸ்கூட்டர் வராது. பெரிய காராகப் பேசி, டேங்க் நிறைய டீசல் ஊற்றிக்கொண்டு வருகிறேன், சந்தேகத்துக்கு டிக்கியில் ஒரு கேனும் இருக்கும். மகளைப் பார்க்கப் போகிற தகப்பனை மணிக்கு இருபத்தைந்தில் கூட்டிப்போக எனக்கு மனசு வரவில்லை. ஏறி உட்கார்ந்ததும் தயவுசெய்து சிரிக்காதீர்கள்.